அக்காவின் மூச்சும் தங்கையின் மூச்சும்: குணத்துக்கும் அலர்ஜிக்கும் உள்ள உறவு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஐப்பசி மழை நாள் ஒன்றில் மதுரை செல்லூரிலிருந்து இரண்டு சகோதரிகள் என் கிளினிக்குக்கு வந்தார்கள். தங்கைக்கு 34 வயது, தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை. அக்காவுக்கு 41 வயது. கணவரின் மெத்தைக் கடைக்கு வீட்டிலிருந்தே தலையணையில் இலவம் பஞ்சு அடைத்துக் கொடுப்பவர். டோக்கன் வாங்கியது தங்கை மட்டும். அக்கா துணைக்கு வந்தவர். மடியில் பையும் குடையுமாகக் கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலியைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

இருவருக்கும் படித்துக் காட்டி, அனுமதி வாங்கித்தான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பரிசோதனை அளவுகளை மாற்றவில்லை.

தங்கை

12 வயதிலிருந்து அவருக்கு அடுக்குத் தும்மல். காலையில் எழுந்ததும் பதினைந்து, இருபது தும்மல் வரிசையாக வரும். மூக்கு நமைச்சல், கண் அரிப்பு, மழைக்காலத்தில் மூக்கடைப்பு. ஐந்து வருடமாக அதோடு நெஞ்சு இறுக்கமும் சேர்ந்துகொண்டது. கடந்த ஒரே வருடத்தில் ஐந்து முறை நள்ளிரவில் அவசர சிகிச்சைக்கு ஓடியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் நெபுலைசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், விடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். ஆக்ஸிஜன் அளவு எப்போதும் 98 சதவீதம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. மூன்றாவது முறை போனபோது அங்கிருந்தவர் ஒருவர், “உங்களுக்கு எல்லாம் மனசுதாம்மா, யோகா பண்ணுங்க” என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் அதுவே பேச்சாகிவிட்டது. மாமியார் சொன்னார், கணவர் சொன்னார், கடைசியில் அவரும் நம்பத் தொடங்கிவிட்டார்.

நான் கேட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “பயமா இருக்கு டாக்டர்.” எது பயம் என்று கேட்டேன். “மூச்சு நின்னுடுமோன்னு.” இறுக்கம் வரும்போது விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மதமதப்பதாகச் சொன்னார். வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து இப்படி வரும். அதாவது, பதற்றத்தின் பங்கு அதில் நிச்சயம் இருந்தது. அதற்காக மூச்சுக்குழாயின் பங்கு இல்லை என்று ஆகிவிடாது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால், பலமாக ஊதச் சொல்லும்போது மட்டும் லேசாக விசில் சத்தம் கேட்டது.

ஊதும் காற்றை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையில் முதல் ஒரு விநாடியில் அவர் ஊதிய காற்று, அவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டிய அளவில் 92 சதவீதம். நல்ல அளவுதான். அந்த நேரத்தில் மூச்சுத்திணறல் எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மதிப்பெண் போடச் சொன்னேன். ஏழு போட்டார். இந்த ஏழை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அலர்ஜி மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திவிட்டு முன்கையில் தோல் குத்துப் பரிசோதனை செய்தோம். ஒவ்வாமை தரும் பொருளின் கரைசலை ஒரு சொட்டு வைத்து, சின்ன ஊசி முனையால் தோலை லேசாகத் தொட்டு, 15 நிமிடம் கழித்துத் தடிப்பை அளப்பது இது. வெறும் உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது கூடுதலாகத் தடித்தால் அந்தப் பொருளை உடல் எதிரியாகப் பதிந்துவைத்திருக்கிறது என்று அர்த்தம். அவருக்கு வீட்டுத் தூசிப்பூச்சிக்கு 7 மில்லிமீட்டர், சீமைக்கருவேல மகரந்தத்துக்கு 5, கரப்பானுக்கு 4. பார்த்தீனியத்துக்கு ஒன்றுமில்லை. ஆக, வந்திருப்பது அலர்ஜி மூக்கழற்சி, லேசான ஆஸ்துமா, அதன் மேல் பதற்றம். மூன்றும் உண்மை.

சீமைக்கருவேலம் என்றதும், அன்று கூட வந்திருந்த தங்கையின் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த மரங்களை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டபோது நம் ஊரில் எல்லோரும் பேசியது நிலத்தடி நீரைப் பற்றித்தான். அதன் மகரந்தம் மூக்கிலும் நெஞ்சிலும் செய்கிற வேலையைப் பற்றி அப்போது அதிகம் பேசவில்லை.

இங்கே ஒரு திருப்பம். இரண்டு வருடமாக அவர் மெடிக்கலில் தானாகவே வாங்கிச் சாப்பிட்டு வந்தது மான்டெலுகாஸ்ட்டும் லீவோசெட்ரிசினும் சேர்ந்த மாத்திரை. ஒருமுறை யாரோ எழுதிக் கொடுத்த பழைய சீட்டு. கணவர் சொன்னார்: “ராத்திரியில கத்திக்கிட்டு எந்திரிக்கிறா டாக்டர். எதைச் சொன்னாலும் அழுகை, இல்லன்னா கோபம். கல்யாணமான புதுசுல இப்படி இல்ல.” எப்போதிலிருந்து என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்டேன். மாத்திரை தொடங்கி ஓரிரு மாதத்தில் தொடங்கியிருந்தது.

மான்டெலுகாஸ்ட் சிலருக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, அரிதாகத் தற்கொலை எண்ணம் வரை கொண்டுவரும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் இதற்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கை போடச் சொன்னது. வெறும் மூக்கு அலர்ஜிக்கு வேறு மருந்து கேட்காதபோதுதான் இதைக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. நம் ஊரில் இந்த மாத்திரை தும்மல் வந்தவர்கள் எல்லார் பையிலும் இருக்கிறது. அதைக் கண்டு எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இதைச் சாப்பிடுகிறவரின் எரிச்சலை வீட்டில் எல்லோரும் அவருடைய குணம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

மாத்திரையை நிறுத்தினேன். மூக்குக்கு ஸ்டீராய்டு ஸ்பிரே, நெஞ்சுக்குக் குறைந்த அளவு இன்ஹேலர். நான்கு வாரம் கழித்து வந்தார்கள். கெட்ட கனவு நின்றிருந்தது. “பழைய ஆளு திரும்பி வந்த மாதிரி இருக்கு” என்றார் கணவர். மாத்திரையை நிறுத்தியதால் மட்டுமே என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். மூக்கடைப்பு விட்டதால் அவர் இரவு முழுக்கத் தூங்கவும் தொடங்கியிருந்தார். ஐந்து வருடம் சரியாகத் தூங்காத யாருக்குத்தான் எரிச்சல் வராது?

குணத்திலிருந்து நோயா?

இந்தக் கேள்வி பழையது. நம் பெரியவர்கள் கப உடம்பு, பித்த உடம்பு என்று சொல்லும்போது அதில் குணமும் சேர்ந்தே வரும். பித்தக்காரன் முன்கோபி, கபக்காரன் மெதுவானவன் என்பார்கள். மேற்கிலும் இப்படித்தான். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் சிகாகோவில் ஃப்ரான்ஸ் அலெக்சாண்டர் என்ற உளப்பகுப்பாய்வாளர், மனத்திலிருந்து வருகிற ஏழு நோய்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார். ஆஸ்துமா அதில் ஒன்று. தாயை நோக்கி அழ முடியாமல் அடக்கிய அழுகைதான் இழுப்பாக வருகிறது என்பது அவருடைய விளக்கம். அந்த விளக்கத்தால் எத்தனையோ தாய்மார்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றிருக்கிறார்கள். 1966-67-இல் அலர்ஜிக்குக் காரணமான ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்புரதத்தைக் கண்டுபிடித்த பிறகு அந்தக் கதை மெல்ல அடங்கியது.

ஆனால் மனத்துக்கு இதில் பங்கே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது. 1886-இல் பால்டிமோரில் ஜான் மெக்கன்சி என்ற மருத்துவர் ரோஜா அலர்ஜி உள்ள ஒரு பெண்ணின் முன்னால் ரோஜாவை நீட்டினார். தும்மல், கண்ணீர், மூக்கடைப்பு எல்லாம் உடனே வந்தன. அது செயற்கை ரோஜா. 1968-இல் லூபரெல்லோவும் அவருடைய குழுவினரும் ஆஸ்துமா உள்ள 40 பேருக்கு வெறும் உப்புநீர்ப் புகையைக் கொடுத்து, உங்களுக்கு ஆகாத பொருள் இது என்று சொன்னார்கள். 19 பேருக்கு மூச்சுக்குழாய் சுருங்கியது. 12 பேருக்கு முழு இழுப்பே வந்தது. அதே உப்புநீரை மருந்து என்று கொடுத்தபோது சரியாயிற்று. அவர்கள் நடிக்கவில்லை. கருவியில் அளந்த சுருக்கம் அது.

அப்புறம் 2002-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் லேசான ஆஸ்துமா உள்ள கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை. அவர்களுக்கு ஆகாத பொருளை நுகரக் கொடுத்து, தேர்வு நேரத்திலும் தேர்வில்லாத நேரத்திலும் சளியில் உள்ள அழற்சிச் செல்களை எண்ணினார்கள். அளவு ஒன்றுதான், ஆனால் தேர்வு நேரத்தில் அழற்சி கூடுதல். தங்கைக்கும் முழுஆண்டுத் தேர்வு விடைத்தாள் திருத்தும் நாட்களில்தான் இரண்டு முறை அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டி வந்தது.

குணம் என்று எடுத்துக்கொண்டால், மிகவும் கூச்சமுள்ள கல்லூரி மாணவர்களிடம் மூக்கு அலர்ஜி கூடுதலாக இருப்பதை 1990-இல் ஐரிஸ் பெல் குழுவினர் எழுதினார்கள். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் பகுதியில் 1,782 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பருவகால அலர்ஜி உள்ளவர்களிடம் பதற்றமும், வருடம் முழுக்க அலர்ஜி உள்ளவர்களிடம் மனச்சோர்வும் கூடுதலாகத் தெரிந்தன. ஆனால் எது முன்னால் வந்தது என்பதை ஒரே ஒரு முறை கேட்டு எழுதிய ஆய்வு சொல்லாது. வருடம் 365 நாளும் மூக்கடைத்தவர் சோர்ந்துபோவது ஆச்சரியமா? குணத்தைப் பார்த்து நோயைக் கணிக்கிற இந்த வேலையில் நான் எச்சரிக்கையாக இருப்பதற்கு இன்னொரு காரணம் அந்த நாற்காலிதான்.

அக்கா

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மூன்று முறை அக்கா என் அறையில் உட்கார்ந்திருந்தார். என் கிளினிக் மாடியில் இருக்கிறது. படியேறி வந்ததும் இருமுவார், புடவை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. நான் அதைக் கேட்டேன். தங்கையின் நெஞ்சை ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த நான், ஆறடி தூரத்தில் இருந்த இருமலைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. ஒரே ரத்தம், ஒரே வீடு, பஞ்சுத் தூசியில் வேலை. மூன்றும் எனக்குத் தெரியும்.

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். பரணில் இருந்ததையெல்லாம் இறக்கி, ஒட்டடை அடித்து, பழைய மெத்தைகளைத் தட்டி வெயிலில் போட்டது அக்கா. இரண்டு நாள் வேலை. போகி அன்று விடிகாலையில் தெருவெங்கும் புகை. அதற்கும் முன்னாலேயே, இரவு 2 மணிக்கே அவருக்கு இழுப்பு தொடங்கியிருக்கிறது. மகளுக்குத் திருப்புதல் தேர்வு முடிந்த அலுப்பு, தங்கைக்கு உடம்பு சரியில்லை, கணவர் கடைச் சரக்கு இறக்கிவிட்டு வந்து படுத்தவர். யாரையும் எழுப்பவில்லை. அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்திருக்கிறார். ஆறு மணிக்கு மகள் பார்த்தபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் அளவு 84. முகமூடி வைத்து இயந்திரத்தால் மூச்சுக் கொடுக்க வேண்டியிருந்தது. ஐந்து நாள் உள்ளே இருந்தார்.

தங்கை எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது முதலில் எனக்கு விளங்கவில்லை. “அக்காவுக்கா?” என்று இரண்டு முறை கேட்டேன்.

ஆறு வாரம் கழித்து, மருந்து எடுத்துக்கொண்டு ஓரளவு தேறி வந்த பிறகு, ஸ்பைரோமெட்ரி செய்தேன். முதல் விநாடியில் 1.19 லிட்டர், இருக்க வேண்டியதில் 54 சதவீதம். 400 மைக்ரோகிராம் சால்பியூட்டமால் கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து ஊதச் சொன்னால் 1.56 லிட்டர். 370 மில்லி கூடியிருக்கிறது, 31 சதவீதம். 200 மில்லியும் 12 சதவீதமும் கூடினாலே மருந்துக்கு மூச்சுக்குழாய் விரிகிறது என்று கொள்வோம். ஆஸ்துமா என்பதில் சந்தேகமே இல்லை.

மருந்து கொடுப்பதற்கு முன்னால், 54 சதவீதத்தில் உட்கார்ந்திருந்தபோது, தங்கையிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். மூச்சுத்திணறலுக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண்?

“ஒண்ணு போட்டுக்கங்க டாக்டர்.”

92 சதவீதத்தில் ஏழு, 54 சதவீதத்தில் ஒன்று.

ஆஸ்துமா கட்டுப்பாட்டுக்கென்று ஐந்து கேள்விகள் உள்ள ஒரு படிவம் உண்டு. 25-க்கு 20 அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். கடந்த நான்கு வாரத்தை நினைத்து அக்கா சொன்ன பதில்களைக் கூட்டினால் 21. அதே படிவத்தைப் பன்னிரண்டாவது படிக்கும் மகளிடம் கொடுத்து, அம்மாவைப் பார்த்தபடி நிரப்பச் சொன்னேன். 13 வந்தது. “ராத்திரி இருமுறது எனக்குத்தான கேக்கும்” என்றாள். மகள் சொன்ன எண்ணையே நான் நம்பினேன்.

தோல் பரிசோதனையை அப்போது செய்யவில்லை. மூச்சின் அளவு 70 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது செய்வது ஆபத்து. நான்கு மாதச் சிகிச்சைக்குப் பிறகு 74 சதவீதத்தைத் தொட்டதும் செய்தோம். தூசிப்பூச்சிக்கு 9 மில்லிமீட்டர், கரப்பானுக்கு 6. பதற்றக்காரி என்று பெயர் வாங்கிய தங்கையின் தடிப்பைவிடப் பூமி மாதிரிப் பொறுமை என்று பேரெடுத்த அக்காவின் தடிப்பு பெரியது. தடிப்பின் அளவு நோயின் கடுமையை அப்படியே சொல்லிவிடாது என்பது உண்மைதான். ஆனால் குணத்தைப் பார்த்து யாருக்கு அலர்ஜி என்று கண்டுபிடித்திருக்க முடியாது என்பதற்கு இது போதும்.

உளவியலாளர் ஒருவர் உதவியோடு இருவருக்கும் ஐந்து பண்புகளை அளக்கும் கேள்வித்தாளை வாசித்துப் பதில் வாங்கினோம். புதியதில் நாட்டம், கடமையுணர்வு, கலகலப்பு, இணக்கம், பதற்ற இயல்பு. தங்கைக்குப் பதற்ற இயல்பு கூடுதல். அக்காவுக்குக் கடமையுணர்வும் இணக்கமும் உச்சத்தில், பதற்றம் அடிமட்டத்தில். எதிர்பார்த்ததுதான். ஆனால் பதில்களை அவர் சொன்ன விதத்தைக் கேட்டால் வேறொன்று தெரிகிறது. “நீங்கள் எளிதில் கோபப்படுவீர்களா?” “கோபப்பட்டு என்ன ஆகப்போகுது?” “அடிக்கடி கவலைப்படுவீர்களா?” “நேரம் எங்க இருக்கு?” இவை குணத்தைப் பற்றிய பதில்களா? அப்பா இறந்தபோது அக்காவுக்கு 19 வயது. தங்கையைப் படிக்க வைத்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் அவர்தான். ஒரு வீட்டில் ஒருவர் பயப்படலாம் என்றால், இன்னொருவர் பயப்படாமல் இருந்தாக வேண்டும். கேள்வித்தாள் அளந்ததில் பிறவிக்குணம் எவ்வளவு, மூத்த மகள் என்கிற இடம் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

பயத்தின் அளவு

இந்த நிகழ்வில் எனக்கு வெளிச்சம் கொடுத்தது 1970-களில் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த ஆய்வு வரிசை. கின்ஸ்மேன், டிர்க்ஸ் குழுவினர் ஆஸ்துமா நோயாளிகளைப் பீதியின் அளவைக் கொண்டு அதிகம், நடுத்தரம், குறைவு என்று பிரித்துத் தொடர்ந்து பார்த்தார்கள். பீதி அதிகமாக உள்ளவர்கள் மறுபடி மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். எதிர்பார்க்கக்கூடியதுதான். பீதி குறைவாக உள்ளவர்களும் அப்படியே சேர்ந்தார்கள். நடுவில் இருந்தவர்கள்தான் நன்றாக இருந்தார்கள். இன்னொன்றும் தெரிய வந்தது: பீதி அதிகமுள்ளவர்களுக்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு அதிகம், நுரையீரலின் அளவு அதைக் கேட்காதபோதும். அதைப் படித்தபோது நான் என் மேசையைத்தான் நினைத்தேன். தங்கையின் கண்ணில் இருந்த பயம் என்னை மூன்று முறை முழுதாக அவர் பக்கம் திருப்பியிருந்தது. அக்காவின் முகத்தில் பயம் இல்லை, அதனால் நான் திரும்பவில்லை.

1994-இல் ஜப்பானில் கிகுச்சி குழுவினர் சாவின் விளிம்பு வரை போய் மீண்ட ஆஸ்துமா நோயாளிகளை ஆராய்ந்தார்கள். மூச்சு தடைபடும்போது அதை உணரும் திறன் அவர்களுக்கு மற்றவர்களைவிட மழுங்கியிருந்தது. அக்கா வலியை மறைக்கிறவர் என்று வீட்டில் நினைக்கிறார்கள். ஓரளவு மறைக்கவும் செய்தார். ஆனால் 54 சதவீதத்தில் ஒன்று என்று சொன்னபோது அவர் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். இருபது வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்த மூச்சு அவருக்குப் பழகிவிட்டது. அவர் உடம்புக்குள் அடிக்க வேண்டிய மணி அடிக்கவில்லை. இதில் பிடிவாதமும் உண்டு, உடலின் மழுக்கமும் உண்டு, இரண்டுக்கும் ஒரே மருந்து இல்லை.

என்ன செய்தோம்

இருவருக்கும் ஒரே கருவியைக் கொடுத்தேன். பீக் ஃப்ளோ மீட்டர். பிளாஸ்டிக் குழாய், ஒரு முள், ஓர் அளவுகோல், சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது. பலமாக ஒருமுறை ஊதினால் முள் நகரும்.

தங்கைக்குச் சொன்னது: இறுக்கம் வந்தால் முதலில் ஊதுங்கள். எண் உங்கள் வழக்கமான அளவில் இருந்தால் உட்கார்ந்து, மூக்கால் மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி ஊதுங்கள். எண் இறங்கினால் இன்ஹேலர், அதற்கும் சரியாகவில்லை என்றால் யோசிக்காமல் ஆஸ்பத்திரி. யாராவது “எல்லாம் மனசுதான்” என்றால் அந்த எண்ணைக் காட்டுங்கள். உளவியலாளரிடம் எட்டு முறை போனார். பயத்தைப் போக்குவதைவிட, பயத்தையும் இழுப்பையும் பிரித்து அடையாளம் காண்பதில்தான் அங்கே நேரம் போனது.

அக்காவுக்குச் சொன்னது இதற்கு நேர் எதிர். உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று நீங்கள் நினைப்பதை நம்பாதீர்கள், முள்ளை நம்புங்கள். அவருடைய மிகச்சிறந்த எண் 310. அதில் 80 சதவீதம், அதாவது 250-க்குக் கீழே போனால் மருந்தைக் கூட்ட வேண்டும். பாதியான 155-க்குக் கீழே போனால் ராத்திரி எத்தனை மணியானாலும் ஆளை எழுப்ப வேண்டும். மருந்து, பியூடிசோனைடும் ஃபார்மோடெராலும் சேர்ந்த இன்ஹேலர். தினமும் அதுதான், அவசரத்துக்கும் அதுவேதான்.

இன்ஹேலர் என்றதும் அவர் சொன்னது: “பழகிடும்னு சொல்றாங்களே, அது கடைசி மருந்தாமே?” மதுரையில் நான் வாரத்துக்குப் பத்து முறையாவது கேட்கிற கேள்வி. மாத்திரையில் போவதைவிடப் பல மடங்கு குறைவான மருந்து நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது, அவ்வளவுதான். பழகுவது நோய்தான் என்று சொன்னேன். அவருக்குப் பாதிதான் நம்பிக்கை வந்தது என்று பட்டது. ஆனால் எழுதி வைக்கச் சொன்னதை அவரால் எழுதாமல் இருக்க முடியவில்லை. கடைக்கணக்கு நோட்டிலேயே, வரவு செலவுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு, காலை எண், இரவு எண் என்று எழுதத் தொடங்கினார். எந்தக் கடமையுணர்வு அவரை அடுப்படிச் சுவரில் சாய்த்து உட்கார வைத்ததோ, அதுவே இப்போது தினமும் இரண்டு முறை அவரை ஊத வைத்தது. அவருடைய குணத்தை மாற்ற நான் முயலவில்லை. 41 வயதில் ஒருவரை மாற்றுவது என் வேலையும் இல்லை.

வீட்டில் செய்தது கொஞ்சம்தான். பஞ்சு அடைக்கும் வேலையைக் கடையின் பின்கட்டுக்கு மாற்றி, முகக்கவசம் போட்டுக்கொள்ளச் சொன்னோம். வேலையை விடச் சொல்லவில்லை, சொன்னால் விடவும் முடியாது. கல்யாணத்துக்குப் போட்ட போடிநாயக்கனூர் இலவம் பஞ்சு மெத்தையில்தான் 20 வருடமாகப் படுத்திருந்தார். அதை எடுத்துவிட்டுக் கோரைப்பாய்க்கு மாறினார். மதுரை வெயிலில் மெத்தையைப் போட்டால் பூச்சி சாகும், ஆனால் அலர்ஜி தருவது அதன் எச்சம், அது மெத்தையிலேயே இருக்கும், தட்டினால் தட்டுகிறவர் மூக்குக்குத்தான் வரும். பாயும் உறையும் மட்டும் ஆஸ்துமாவைச் சரிசெய்துவிடும் என்று சொல்ல ஆதாரம் போதாது. மருந்தோடு சேர்த்துத்தான் அதைச் சொன்னேன்.

ஒரு வருடம் கழித்து

தங்கை அந்த வருடம் ஒருமுறைதான் அவசர சிகிச்சைக்குப் போனார். அன்றைக்கு எண் உண்மையிலேயே இறங்கியிருந்தது. இன்னமும் பயப்படுகிறார். திணறல் மதிப்பெண் கேட்டால் நான்கு, ஐந்து என்றுதான் சொல்கிறார்.

அக்காவின் மூச்சு 78 சதவீதத்தில் நிற்கிறது. அதற்கு மேல் வருமா தெரியவில்லை. நீண்ட நாள் கவனிக்காமல் விட்ட மூச்சுக்குழாயில் கொஞ்சம் நிரந்தர இறுக்கம் தங்கிவிட்டிருக்கலாம். நோட்டில் சித்திரைத் திருவிழா வாரம் முழுக்க வெறுமையாக இருக்கிறது. உறவினர் பத்துப் பன்னிரண்டு பேர் வீட்டில் தங்கி, அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். அவர்கள் முன்னால் இன்ஹேலர் எடுக்கவும் இல்லை. “எல்லாரும் கேப்பாங்கள்ல டாக்டர்.”

இப்போது என் அறையில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. அலர்ஜி, ஆஸ்துமா என்று யார் வந்தாலும், கூட வந்தவரையும் ஒருமுறை ஊதச் சொல்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சிலர் எதற்கு என்று கேட்பார்கள்.

புரட்டாசியில் ஒருநாள் மாலை டோக்கன் சீட்டில் அக்காவின் பெயர் இருந்தது. தங்கை வரவில்லை, மகள் வரவில்லை. ஷேர் ஆட்டோவில் தனியாக வந்திருந்தார். முந்தின நாள் கடையில் பஞ்சு மூட்டை பிரித்திருக்கிறார்கள். கதவோரத்து நாற்காலியைத் தாண்டி வந்து, என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, கணக்கு நோட்டைத் திறந்து, விரலால் ஒரு வரியைக் காட்டினார்.

“எனக்கு ஒண்ணும் தெரியல டாக்டர், நல்லாத்தான் இருக்கேன். ஆனா இருநூத்திப் பத்துன்னு காட்டுது. அதான் வந்துட்டேன்.”